நம் வீட்டு மூக்கு

அருகன் துணை

வேங்கிக்கால்
தை 27, ஞாயிற்றுக்கிழமை

போபாலில் இருக்கும் என் மகன் ஆதிராஜுக்கு அம்மா கனகலதா ஆசீர்வாதத்தோடு எழுதுகிறேன். இங்கே நானும் உன் மகள் த்ரிசலா பாப்பாவும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. இருக்கிறோம் என்று எழுதினால் பொய்யில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பிட அந்தத் தொழிற்சாலையில் விடுகிறார்களா?

தினமும் போனில் பேசுகிறோமே, இது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீடு இரண்டே அறை. சமையல்கட்டில் நின்று குசுகுசுத்தாலும் பாப்பா காதில் விழும். நீயோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறாய். நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா, வச்சுடறேன் என்கிறாய். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள்தான். ஆனால் அந்த ஐந்து வருஷமும் வகுப்பில் முதலாவதாக வந்தவள். உனக்கு அ, ஆ எழுதப் பழக்கியதும் இந்தக் கைதான். அதனால் கடைசி வரி வரைக்கும் படி. மாத்திரை போட்டுக்கொண்டு பாப்பா மத்தியானத்தில் தூங்குகிறாள். அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது என்று மட்டும் உனக்குச் சொன்னேன். என்ன செய்தார்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாய் கடித்தது என்று சொன்னார்களே, அதில் மூக்கின் வலது பக்க மடலும் நுனியும் போய்விட்டதல்லவா. அதற்கு நெற்றியிலிருந்து தோல் எடுத்து வைத்திருக்கிறார்கள். தையல் நூல் வருகிற வெள்ளிக் காகிதத்தை மூக்கின் அளவுக்கு வெட்டி, ரவிக்கைக்குத் துணி வெட்டுகிற மாதிரி அதை நெற்றியில் தலைகீழாக வைத்துக் கோடு போட்டு, அந்தத் தோலை எடுத்து அப்படியே கீழே திருப்பித் தைத்துவிட்டார்கள். முழுசாக அறுத்து எடுக்கவில்லை. புருவத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்பு விட்டிருக்கிறார்கள். அது வழியாகத்தான் புது மூக்குக்கு ரத்தம் போகிறதாம். மூன்று வாரம் கழித்து, மூக்கு தானே பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தபிறகு காம்பை வெட்டுவார்களாம். அதுவரை நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும். அவளானால், ஆயா, எனக்கு மூக்கு வளர்ந்து வளர்ந்து தும்பிக்கையாயிடுச்சு, என்னைப் பார்க்க டிக்கெட் போடு என்கிறாள்.

டாக்டரம்மா பேர் அருணாதேவி. நான் அவளை லேசில் விடவில்லை. நன்றாக இருக்கிற நெற்றியை எதற்குக் கெடுக்கிறாய், தொடையில் எடுக்கக் கூடாதா என்று கேட்டேன். நெற்றித் தோலுக்குத்தான் மூக்கின் நிறமும் கனமும் இருக்கிறது என்றாள். நான் நம்பவில்லை. தனியாக நர்ஸைக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். வார்டு கூட்டுகிற அம்மாவையும் கேட்டேன். அவள், டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும், நீ போய் காப்பி குடி பெருசு என்றாள்.

அடுத்தது குருத்தெலும்பு. மூக்கு படுத்துவிடாமல் நிற்க உள்ளே குருத்தெலும்பு வைக்கவேண்டும் என்றாள். அது எந்த ஜீவனுடையது என்று கேட்டேன். நாமோ சமணர், கிழங்குகூடப் பறிக்காத வீடு. தண்ணீரை வடிகட்டாமல் வாயில் வைக்காத வீடு. ஆட்டெலும்போ மாட்டெலும்போ என் பேத்தி முகத்தில் உட்காருவதா? டாக்டரம்மா சிரிக்காமல் தன் காதை முன்னால் மடக்கிக் காட்டி, இங்கேருந்துதான் பாட்டி, அவங்க காதுலேருந்தே கொஞ்சம் எடுப்போம், வெளியே தெரியாது என்றாள். ஆபரேஷன் முடிந்து பாப்பாவைக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகக் காதுக்குப் பின்னால் தையல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதற்கப்புறம்தான் நான் தண்ணீர் குடித்தேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். மூக்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். அதில் நேராகத்தான் தெரிகிறதாம். பக்கவாட்டில் எப்படி இருந்தது என்று டாக்டரம்மா கேட்டாள். என்னைப் பார் என்றேன். என் அப்பா மூக்கு எனக்கு, என் மூக்கு உனக்கு, உன் மூக்கு அவளுக்கு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் நம் ஜனத்தில் எந்த நயினார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த மூக்கை வைத்தே நீங்க இன்னார் வீட்டுப் பொண்ணா என்று கேட்பார்கள். டாக்டரம்மா என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, இப்படியும் அப்படியும் திருப்பி நாலைந்து படம் எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இப்போது எழுத வந்ததற்கு வருகிறேன்.

நமக்குப் பால் ஊற்றுகிற கன்னியம்மாளைத் தெரியுமல்லவா, அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. போன வருஷம் கிரிவலப் பாதையில் அவளுக்கு ஆடுசதையில் நாய் கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்து, தேதி போட்டு, நாலு தடவை வரச்சொல்லி ஊசி போட்டார்கள். அந்தச் சீட்டை இன்னும் காலண்டரில் சொருகிவைத்திருக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் ஜனம் நடக்கிற ஊர் இது. நாயும் குரங்கும் நிறைந்த ஊர். நாய் கடித்தால் எத்தனை ஊசி என்று இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பாப்பாவிடம் சீட்டு எங்கே என்று கேட்டேன். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டாங்க ஆயா என்றாள். நர்ஸைக் கேட்டேன். அவள் டாக்டரம்மா முகத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா எனக்குப் பதில் சொல்லாமல், இது முடிஞ்சப்புறம் இவங்க எந்த வீட்டுல இருப்பாங்க பாட்டி என்று திருப்பிக் கேட்டாள். ஆபரேஷன் செய்கிறவளுக்கு அது எதற்கு? ஏதோ மறைக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள்.

மாப்பிள்ளை பிரகாஷ் ஒரே ஒரு நாள் வந்தார். வார்டு வாசலிலேயே நின்று ஆப்பிள் பையை நர்ஸிடம் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே, பழுப்பு நாய் ஆயா, ஒரு கால் நொண்டும், கடைக்கு எதிரிலேயே கிடக்கும், ஆள் வச்சுப் பிடிச்சு எங்கேயோ கொண்டுபோய் விட்டாச்சு என்றார். போகும்போது மறுபடி அதையே சொன்னார். கேட்காதவளிடம் இரண்டு தடவை எதற்குச் சொல்லவேண்டும்? தினம் மூன்று வேளை வீடியோவில் கூப்பிடுகிறார். இவள் போனை மின்விசிறிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பேசுகிறாள்.

நீ ஆண்பிள்ளை. மாமனார் என்கிற முறையில் எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள் என்று பக்குவமாகக் கேள். உனக்கு அவர் முதலிலேயே எல்லாம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் போன் செய்து பாப்பாவுக்கு மூக்கில் காயம் என்று சொன்னதுமே, நாய்தானேம்மா என்று நீதான் கேட்டாய்.

புதன்கிழமை பௌர்ணமி. ரோட்டில் ஆட்டோ வராது. அதனால் வியாழக்கிழமைதான் கட்டு மாற்றப் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலம் கோரும் அம்மா,
கனகலதா


அருகன் துணை

வேங்கிக்கால்
மாசி 7, புதன்கிழமை

அன்புள்ள மகன் ஆதிராஜுக்கு அம்மாவின் ஆசி.

கடிதம் கிடைத்ததும் நீ போன் செய்தாய். இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இத்தனை சந்தேகம், பிரைவேட்ல ஊசி போட்டிருக்காங்க, நான் கேட்டுட்டேன் என்றாய். பக்கத்தில் பாப்பா இருந்ததால் சரிப்பா என்றேன். என் சரிக்கு அர்த்தம் சரி இல்லை என்று உனக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நல்ல சேதி. மூக்கு நல்ல நிறமாக இருக்கிறது. கறுத்தால் கெட்டது, வெளுத்தாலும் கெட்டது என்றார்கள். நான் மணிக்கு ஒரு தரம் பார்க்கிறேன். நெற்றிப் புண் மேல்பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. தானாக மூடும் என்கிறார்கள். ஒரு வேடிக்கை கேள். மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்தால் இவள் நெற்றியைத் தடவுகிறாள். தோல் இடம் மாறினாலும் நரம்புக்கு இன்னும் தெரியவில்லையாம், இன்னும் நெற்றியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறதாம். டாக்டரம்மா சொன்னாள். நான் நம்பாமல் இவளைக் கண்ணை மூடச்சொல்லித் தொட்டுப் பார்த்தேன். நிஜம்தான்.

கன்னியம்மாளின் தங்கையைக் கீழ்பென்னாத்தூரில்தான் கொடுத்திருக்கிறது. அதே தெரு. மாப்பிள்ளையின் விதைக்கடைக்கு நாலு வீடு தள்ளி. நான் கன்னியம்மாளிடம், அந்தப் பழுப்பு நாயை யார் பிடித்துப் போனது என்று விசாரித்துச் சொல் என்றேன். மறுநாள் பால் அளக்கும்போதே சொன்னாள். இன்னாம்மா நீ, அதை எவனும் புடிக்கல, டீக்கடை பெஞ்சுக்கு அடியில அஞ்சு குட்டியப் போட்டுக்கினு படுத்துக்கினு கீது, நொண்டவும் இல்ல ஒண்ணுமில்ல என்றாள். குட்டி போட்ட நாய் கடிக்கும் என்று நீ சொல்வாய். குட்டி பிறந்தது பொங்கலுக்கு அப்புறமாம். பாப்பாவுக்குக் காயம் பட்டது மார்கழியில்.

அந்த நாய்க்குத் தினமும் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சோறு வைத்தது யார் தெரியுமா? உன் மகள்தான். அதையும் கன்னியம்மாள் தங்கைதான் சொன்னாள்.

இனி நான் எழுதப்போவது என் பாவம். அருகன் கோயிலில் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலையில் அதை உடைத்தேன். பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், உங்க தெரு நாயை அடிச்சுக் கொன்னுட்டாங்களாம், மாப்பிள்ளை சொல்லித்தான் அடிச்சாங்களாம், பேத்தியைக் கடிச்ச நாய்க்கு அது சரிதான் என்றேன்.

அவள் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. அது ஒண்ணும் பண்ணல ஆயா, அது என்னைக் கடிக்கல ஆயா, ஐயோ என்னால ஒரு ஜீவன் போச்சே என்று கத்தினாள். அழக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள், காம்பு வீங்கிவிடும். நான் அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, நாய் உசுரோட இருக்குடி, நான் பொய் சொன்னேன், அஞ்சு குட்டி போட்டிருக்கு என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் ஆதிராஜு. அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

தனக்கு நடந்ததை அவள் ஒன்றரை மாசம் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்யாத ஜீவன் மேல் பழி விழுந்து அது செத்தது என்றதும் தாங்கவில்லை. இவளைப் பெற்றவள் இருந்திருந்தால் நல்ல பிள்ளையைத்தான் பெற்றேன் என்று சொல்லியிருப்பாள்.

கேட்டுக்கொள். இவள் குரூப் ஃபோர் பரீட்சை எழுதியிருந்தது உனக்குத் தெரியும். தேறிவிட்டாள். சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. அவனிடம் சொல்லாமல் கிளம்பப் பார்த்திருக்கிறாள். அவன் போனைப் பார்த்துவிட்டான். கடையில் உட்கார்ந்து விதை விற்கிறவன் பெண்டாட்டிக்கு கவர்ன்மெண்ட் நாற்காலி கேட்குதா என்றானாம். இரண்டு கையாலும் இவள் தலைமயிரைப் பிடித்துக்கொண்டான். கை இரண்டும் வேலையாக இருந்தது. நாய் செய்தது என்று ஊரெல்லாம் சொன்னதை அவன் செய்தான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

எறும்புப் புற்றைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற குலத்தில் பிறந்தவன். பறக்கிற பூச்சி வாயில் விழுந்துவிடும் என்று ராத்திரியில் சாப்பிடாதவன். இந்த வீட்டுக்கு வந்தால் தண்ணீரை வடிகட்டினீர்களா ஆயா என்று என்னையே கேட்பான். நானும் எத்தனை ஆசாரமான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். நீ என்னைக் கேட்கப்போவதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். முந்தின வருஷம் கார்த்திகை தீபத்துக்கு இவள் வந்திருந்தாள். மணிக்கட்டில் சுற்றிலும் கன்றிப்போயிருந்தது. வளையல் இறுக்கிடுச்சு ஆயா என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம். கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். தீபம் முடிஞ்சு பொண்ணு தனியாத் தங்கினா ஊர் என்ன பேசும் என்று, மல்லாட்டைக் கடலை உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு, நானே கூடப் போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பஸ் திரும்புகிற வரைக்கும் என்னையே பார்த்தாள். கூட்டத்தில் சீட் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் இவள் மூக்கைப் பார்த்து மூக்குத்தி எப்போது குத்தலாம் என்றுதான் டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டேன். அவள் என்னை ஏன் அப்படிப் பார்த்தாள் என்று இன்றைக்குப் புரிகிறது.

பொய் சொன்னதற்கு எட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு என்று இருக்கிறேன். பஸ் ஏற்றிவிட்டதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நான் மூக்கில் காயம் என்று சொன்னதும் நாய்தானேம்மா என்று கேட்டாய். மாப்பிள்ளை உனக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தார்? என்ன சொன்னார்? கடிதம் எழுது. போன் வேண்டாம்.

அம்மா,
கனகலதா


அருகன் துணை

வேங்கிக்கால்
மாசி 18, ஞாயிற்றுக்கிழமை

ஆதிராஜுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் வரவில்லை. போன்தான் வந்தது. அதுவும் எனக்கில்லை, பாப்பாவுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் இரண்டு பெரியவர்களோடு காரில் வருவார்கள், பேசிமுடித்துக் கூட்டிப்போவார்கள், நீ அமைதியாகக் கிளம்பிப் போ, பேர் கெடாமல் பார்த்துக்கொள் என்று சொன்னாயாம். அவள் சரிப்பா என்றாளாம். இந்தச் சரியை அவள் என்னிடம் கற்றுக்கொண்டாள்.

போன திங்கட்கிழமை காம்பை வெட்டிவிட்டார்கள். ஒரு மணி நேர வேலை. மூக்கு தானாக நிற்கிறது. கொஞ்சம் தடிப்பு. இன்னும் இரண்டு தரம் செதுக்க வேண்டுமாம், ஆறு மாசம் ஒரு வருஷம் ஆகுமாம். கட்டைப் பிரித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஆயா, உன் மூக்குக்குக் கொசு கடிச்ச மாதிரி இருக்கு என்றாள். டாக்டரம்மா சிரித்தாள், நர்ஸ் சிரித்தாள், நான் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இப்போது மூக்கில் ஈ உட்கார்ந்தால் இவளுக்கு எங்கேயும் தெரியவில்லை. உணர்ச்சி மெதுவாகத்தான் வருமாம்.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன். நாய் என்று சொல்லச் சொன்னது யார், பிரகாஷா என்று. இல்லை என்றாள். அவன் பயந்துபோய் தெருவில் ஓடிவிட்டானாம். இவள் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, முதல் போன் உனக்குத்தான் செய்தாளாம். நடந்தது நடந்தபடி சொன்னாளாம். லைன் போய்விட்டது என்று நினைத்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டாளாம். அதற்கப்புறம் நீ, நாய்னு சொல்லிடும்மா, மத்ததை அப்பா பாத்துக்கறேன் என்றாயாம்.

நான் டாக்டரைச் சந்தேகப்பட்டேன். நர்ஸைச் சந்தேகப்பட்டேன். காதெலும்பைச் சந்தேகப்பட்டுத் தையலைத் தேடினேன். என் வயிற்றில் பிறந்தவன் மேல் சந்தேகம் வரவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது இன்னொரு பொய். வந்தது. முதல் கடிதத்திலேயே வந்தது. எழுதத்தான் பயந்தேன்.

டாக்டரம்மாவிடம் பாப்பா முதல் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறாள். புண்ணைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம், நாய்ப்பல் இப்படிப் படாது என்று. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று இவள் கேட்டுக்கொண்டதால் எங்களிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதிவைத்திருக்கிறாள். நீங்க எப்ப ரெடியோ அப்ப எனக்குச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பெண்ணைப் போய் ஏதோ மறைக்கிறாள் என்று உனக்கு எழுதினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவால்ல பாட்டி, நீங்க சந்தேகப்பட்டதாலதான் கதை வெளிய வந்துச்சு என்றாள்.

உனக்கும் அவன் அப்பாவுக்கும் சின்ன வயசுச் சிநேகம், நீ வாக்குக் கொடுத்துக் கட்டிவைத்தாய், சம்பந்தம் முறிந்தால் நம் ஜனத்துக்குள் யார் முகத்தில் விழிப்பது என்று உனக்குப் பயம். அது எனக்குப் புரியாமல் இல்லை. அதே பயத்தில்தானே நானும் டப்பாவில் உருண்டை போட்டுக் கொடுத்தேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நம் ஜனம் பத்து நாள் பேசும். அதற்கப்புறம் இன்னொருவர் வீட்டைப் பேசும்.

ராத்திரி அவளாகவே பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, நான் போகல ஆயா என்றாள். சரி என்றேன். இது நிஜமான சரி.

நேற்று மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். நான், பாப்பா, துணைக்குக் கன்னியம்மாள். டாக்டரம்மா கொடுத்த காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனோம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எழுதுகிற போலீஸ்காரம்மா முதலில், குடும்பத்துக்குள்ள பேசித் தீர்த்துக்கலாமே என்றாள். பாப்பா முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றினாள். அப்புறம் அந்தம்மா பேனாவைத் திறந்துவிட்டாள். பாப்பா கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். தேதி, மணி, அவன் சொன்ன வார்த்தை எல்லாம். யாருக்கு முதல்ல போன் செஞ்சீங்க என்று கேட்டபோது மட்டும் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவுக்கு என்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். சிக்னல் சரியா இல்ல மேடம் என்றாள்.

உன்னைக் காப்பாற்ற என் பேத்தி பொய் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் எழுதிய அந்த இடத்தை இன்னும் திருத்தி எழுதலாம். அதை எழுத வேண்டியவன் நீ.

கடைசியில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார்கள். போலீஸ்காரம்மா என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். நான் அதைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டேன். ஒரு எழுத்தும் கோணவில்லை. கீழே போட்டிருக்கிறேனே, இதே கையெழுத்தைத்தான் நேற்று அங்கேயும் போட்டேன். நீ நன்றாகப் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தால் வரட்டும். வாசலில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுப்பேன், வடிகட்டித்தான் கொடுப்பேன். அதற்கு மேல் உள்ளே விடமாட்டேன். வெள்ளிக்கிழமை ரயில் ஏறினால் சனிக்கிழமை காட்பாடியில் இறங்கிவிடலாம் என்று கன்னியம்மாள் மகன் போனில் பார்த்துச் சொன்னான். அவர்களோடு சேர்ந்து வந்தால் உனக்கும் வாசலில்தான் நாற்காலி. தனியாக வந்தால் கதவைத் தட்ட வேண்டாம், திறந்தே இருக்கும். அவள் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டாள். உன்னைப் பார்த்ததும் மூக்கு எப்படி இருக்கு அப்பா என்றுதான் கேட்பாள். பதில் யோசித்துக்கொண்டு வா.

அருகன் உனக்கு நல்ல உடம்பும் நல்ல வாக்கும் கொடுக்கட்டும். சனிக்கிழமை உனக்கும் சேர்த்துத்தான் அரிசி களைவேன். பொழுது சாய்ந்தபிறகு இந்த வீட்டில் சாப்பாடு கிடையாது என்று உனக்குத் தெரியும். அதற்குள் வந்துவிடு ராஜா.

இப்படிக்கு,
உன் அம்மா

கனகலதா